உள்ளூரில் வைத்த பேர்

மெட்ராஸிலிருந்து லாரி பார்சலில் வந்து இறங்கிய ஐந்து நெட்வொர்க் கார்டுகளும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. பச்சைப் பலகை, பளபளவென்று ஈயப் பற்று, மூலையில் தைவான் என்று ஒரு முத்திரை. வாங்கிக் கொடுத்த புரோக்கர் போனில் தேன் ஒழுகப் பேசியிருந்தான். கம்ப்யூட்டரில் செருகி ஸ்விட்சைப் போட்டதும் ஐந்தும் ஒரே மாதிரி கையை விரித்தன. 'கார்டுக்கு அட்ரஸ் இல்லை' என்று திரையில் ஒரு வரி. அதோடு சரி. அப்புறம் அந்தப் புரோக்கர் போனை எடுப்பதே இல்லை.

எண்பத்தெட்டாம் வருஷம், ஆடி மாதம். திருச்சி தில்லை நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. அதுதான் சௌரிராஜனின் கம்பெனி. அவரே முதலாளி, விற்பனையும் அவரே, போனை எடுத்து "மேனேஜர் வெளில போயிருக்கார்" என்று சொல்வதும் அவரே. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி வீட்டிலிருந்து நெற்றியில் திருமண்ணோடு ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டி வருவார். ப்ரோகிராம் எழுத பாக்கியமேரி ஒருத்திதான்.

"ஏம்மா மேரி, எனக்கு அட்ரஸ் இருக்கு, கடைக்கு இருக்கு. இந்தப் பலகைக்கு எதுக்கு அட்ரஸ்?" என்றார் சௌரிராஜன்.

"ஒரே ஒயர்ல அஞ்சு மிஷினும் பேசப்போகுது சார். ஒருத்தர் பேசறது யாருக்குன்னு தெரிய வேணாமா? அதுக்குத்தான் ஒவ்வொரு கார்டுலயும் ஒரு நம்பரை சிப்புல பதிச்சு அனுப்புவாங்க. முன்பாதி கம்பெனியோட நம்பர், பின்பாதி கார்டோட நம்பர். நம்ம இனிஷியலும் பேரும் மாதிரி."

"இதுல?"

"சிப்பு காலி சார். பெத்துப் போட்டுட்டுப் பேர் வைக்காமப் போயிட்டாங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சௌரிராஜன்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எதிர்வரிசைக் கடையின் போர்டை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர் போலப் படித்தார். பாக்கியமேரி பாலக்கரைப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள் என்பது அவருக்குத் தெரியும். வேலை கேட்டு வந்த அன்று அவளே சொன்னாள். "ப்ரோகிராம் எழுதுவியோன்னோ? அது போரும்" என்று பேச்சை முடித்துவிட்டார். மற்ற கம்பெனிகளில் அப்பா பெயர் என்ன, அவர் என்ன வேலை என்று தோண்டித் துருவிக் கேட்டவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு 'போரும்' என்ற சொல்லுக்காகவே இந்த மனிதருக்கு ஆயுசு முழுக்க ப்ரோகிராம் எழுதலாம் என்று நினைத்துக்கொள்வாள்.

கார்டுகள் டாக்டர் வஹீதாவின் ஆஸ்பத்திரிக்கு. இரண்டு தெரு தள்ளி, மூன்று மாடி. ரிசப்ஷன், டாக்டர் அறை, லேப், மருந்தகம், பில் கவுண்டர் என்று ஐந்து இடத்தில் ஐந்து மிஷின், அவை தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு ஒயர். திருச்சியில் எந்த ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒன்று கிடையாது என்று சௌரிராஜன் எல்லோரிடமும் சொல்லி வந்தார். உண்டா இல்லையா என்று அவர் போய்ப் பார்த்ததில்லை.

"இது நன்னா நடந்துடுத்துன்னா நீ பர்மனென்ட். நடக்கலேன்னா போர்டைக் கழட்டிண்டு நான் பிரகாரத்துல போய் உக்காந்துட வேண்டியதுதான். ரங்கன் விட்ட வழி."

பர்மனென்ட் என்ற அந்தச் சொல்லில்தான் பாக்கியமேரியின் உயிர் இருந்தது. சம்பளத்துக்காக இல்லை. வியாகுலம்மாளுக்காக.

வியாகுலம்மாள் அந்தக் குழந்தைகள் இல்லத்தின் சமையல்காரி. பிள்ளைகளுக்கு ஆயாம்மா. முட்டி தேய்ந்து, அடுப்படியில் நிற்க முடியாமல் போனதால், ஆவணி பிறந்ததும் முசிறிப் பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதாக சிஸ்டர்கள் முடிவு செய்திருந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான். அவளுக்கென்று யாரும் இல்லை என்று அவர்கள் நினைத்தார்கள். "நான் இருக்கேன், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று பாக்கியமேரி முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். சொன்ன வாய் சும்மா இருக்கலாம், வீடு வேண்டுமே. அவளே வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலில் குடியிருந்தாள். தனிப் பெண்ணுக்கு வீடு என்றதும் திருச்சியில் எல்லா வீடுகளும் நேற்றுத்தான் யாருக்கோ விடப்பட்டிருந்தன.

கடைசியில் கை கொடுத்தவர் ஸ்தனிஸ்லாஸ். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டையரானவர், இப்போது டாக்டர் வஹீதாவின் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன். பொன்மலைப்பட்டியில் அவர் வீட்டின் பின்கட்டு காலியாக இருந்தது.

"வேலை பர்மனென்டாம்மா?"

"ஆகப்போகுதுங்க சார்."

"ஆனதும் வா, சாவியத் தரேன். ஊர்ல நாலு பேரு நாலு கேள்வி கேப்பாங்க, அதுக்குச் சொல்றேன். கூட யாரு இருக்கப்போறாங்க?"

"ஒரு வயசான அம்மா சார்."

"அவங்க உனக்கு என்ன வேணும்?"

பாக்கியமேரி வாயைத் திறந்தாள். அம்மா என்று சொல்லிவிட முடியாது. அது அவளாக வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை என்று நினைத்தாள். அத்தையும் இல்லை, சித்தியும் இல்லை. "தெரிஞ்சவங்க சார்" என்றாள். சொன்னதும் அவளுக்கே அசிங்கமாக இருந்தது. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தது போலத்தான். சேவல் ஒன்றுதான் கூவவில்லை.

*

கார்டை நடத்தும் சின்ன ப்ரோகிராமுக்கு டிரைவர் என்று பேர். அதன் வரிகள் கார்டோடு வந்த ஃபிளாப்பியிலேயே இருந்தன. சிப்பில் நம்பர் இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் நின்றுவிடு என்று தைவானில் யாரோ எழுதி வைத்திருந்தான். நின்றுவிடாதே, நீயே ஒரு நம்பர் உண்டாக்கிக்கொள் என்று மாற்ற வேண்டும். ஆனால் இஷ்டத்துக்கு ஒரு நம்பர் வைத்தால், அது உலகத்தில் வேறு ஏதோ கம்பெனியின் கார்டுக்கு உரிய நம்பராக இருந்து தொலைக்கலாம். ஊரான் இனிஷியலைப் போட்டுக்கொள்வது போல.

நெட்வொர்க் விதிகள் அடங்கிய, ஜெராக்ஸ் எடுத்த தடிப் புத்தகம் ஒன்று கம்பெனியில் இருந்தது. எழுத்து பாதி அழிந்த அதைப் புரட்டிக்கொண்டே போனவள் ஒரு பக்கத்தில் நின்றாள். முதல் எண்ணில் குறிப்பிட்ட ஒரு பிட்டை, பூஜ்யமோ ஒன்றோ மட்டும் நிற்கக்கூடிய அந்த ஒற்றை இடத்தை, ஒன்று என்று வைத்தால், இது கம்பெனி கொடுத்த நம்பர் இல்லை, இருக்கிற இடத்தில் இருப்பவர்கள் வைத்தது என்று பொருள். அப்படிப்பட்ட நம்பர்களை எந்தக் கம்பெனிக்கும் கொடுப்பதில்லை. அவை உள்ளூர்க்காரர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை.

மறுபடியும் படித்தாள். எங்கேயோ சீமையில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விதி எழுதியவர்கள், பேர் இல்லாமல் வந்து சேரும் கார்டுகளும் இருக்கும் என்று யோசித்திருக்கிறார்கள். அவற்றைப் போலி என்று தள்ளாமல், அவற்றுக்கும் ஒரு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். முகம் தெரியாத அந்தப் புண்ணியவான்களுக்கு பாக்கியமேரி மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். கண் ஈரமானது. ஒரு பிட்டுக்காக அழுத ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

இனிஷியல் கிடைத்துவிட்டது. மீதி நம்பரை ஒவ்வொரு மிஷினும் தனித்தனியாக உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்குக் கடிகாரத்தைப் பிடித்தாள். அந்த மிஷின்களில் பாட்டரிக் கடிகாரம் கிடையாது. ஸ்விட்சைப் போட்டதும் இன்று என்ன தேதி, மணி என்ன என்று கேட்கும். உட்கார்ந்திருப்பவர் அடித்துக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து மிஷின் நேரத்தை எண்ணிக்கொண்டு போகும். டிரைவர் எழும் கணத்தில் மணி என்னவோ, நொடியின் சின்னத் துண்டுவரைக்கும் பார்த்து, அதையே நம்பராக்கினாள். ஆஸ்பத்திரியில் ஐந்து மிஷினிலும் போட்டாள். ஐந்தும் ஐந்து பேரோடு எழுந்து பேசின. சௌரிராஜன் "ரங்கா!" என்று போட்ட சத்தத்தில் நர்ஸ் ஒருத்தி வந்து இங்கெல்லாம் கத்தக் கூடாது என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டாளா?

"இது என்னம்மா, தினம் காலைல வந்து உக்காந்தா எங்கிட்ட தேதி கேக்குது? நான் என்ன காலண்டரா? நேத்து மாசத்த மாத்தி அடிச்சிட்டேன், தப்பு தப்புங்குது. நர்ஸ் புள்ளைங்கள்ளாம் சிரிக்கிதுங்க" என்று புலம்பினார் ஸ்தனிஸ்லாஸ்.

வீடு தருகிற மனிதர். வயதானவர். அவளுக்குப் பாவமாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து ஃபிளாப்பியிலும் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டாள். நோயாளியைப் பதிகிற ப்ரோகிராம் பிற்பாடு ஒரே ஒரு முறை தேதி கேட்டுக்கொள்ளும், அது போதும். இனி ஸ்விட்சைப் போட்டால் யாரும் எதையும் தொட வேண்டாம், மிஷின் தானாக எழுந்து நிற்கும். செய்துவிட்டு, நல்ல காரியம் செய்த நிம்மதியோடு பஸ் ஏறினாள். இந்த உலகத்தில் பாதிக் கோளாறு நல்ல மனசு படைத்தவர்களால்தான் வருகிறது.

*

சனிக்கிழமை காலை டாக்டர் வஹீதா தன் அறைக்கு வந்து உட்கார்ந்தார். பரீட்சைக்காக ஸ்தனிஸ்லாஸ் தன்னையே நோயாளியாகப் பதிந்துகொண்டு, தனக்கே ஒரு ரத்தப் பரிசோதனை எழுதி லேபுக்கு அனுப்பினார். லேபுக்குப் போன செய்தியை மருந்தகமும் வாங்கிக்கொண்டது. இரண்டும் ஒரே சமயத்தில் பதில் சொல்லின. ஒன்றுக்கு வந்த பதிலை இன்னொன்று பிடுங்கியது. கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு இரண்டும் அசையாமல் நின்றன. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி போட்டார்கள். இந்த முறை லேபும் பில் கவுண்டரும் மோதிக்கொண்டன.

பாக்கியமேரி மூன்று மாடிக்கும் ஏறி இறங்கினாள். ஒயரைப் பிடுங்கி மாட்டினாள், கார்டுகளை இடம் மாற்றினாள், நேற்றுவரை நடந்தது என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

டாக்டர் வஹீதா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. "மேரி, உடம்புக்கு முடியாதவங்கதான் எங்கிட்ட வராங்க. ஒருத்தரோட ரிசல்ட் இன்னொருத்தர் பேர்ல வந்துச்சுன்னா நான் அல்லாவுக்கு என்னம்மா பதில் சொல்றது? செவ்வாய்க்கிழமை வரைக்கும் பார்க்கறேன். சரியாச்சுன்னா சந்தோஷம். இல்லேன்னா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

வெளியே வந்ததும், திட்டு விழும் என்று பாக்கியமேரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சௌரிராஜன் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுத்தபடி, "தப்பு என்னோடது. காத்தால பெருமாளைச் சேவிக்காம ஓடி வந்துட்டேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நீ கோவிலுக்குப் போ, நானும் போறேன். ரெண்டு இடத்துலயும் சொல்லி வைப்போம்" என்றார். போர்டைக் கழற்றப்போகும் ஆளின் முகமாகவே அது இல்லை. அந்த இடத்தில் அவள் அழாமல் இருந்தது பெரிய விஷயம்.

*

ஞாயிறு பூசை முடிந்து இல்லத்துக்குப் போனாள். வீடு அமையாமல் போகலாம் என்பதை வியாகுலம்மாளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். போனால், சமையல்கட்டு வாசலில் ஒரு தகரப் பெட்டி தயாராக இருந்தது. வியாகுலம்மாள் காலை நீட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆயாம்மா, இப்பவே பெட்டிய கட்டிட்டீங்களா?"

"என்னத்தடி கட்றது? ரெண்டு சீலையும் ஒரு மாதா படமும். நீ எப்பக் கூப்புட்டாலும் வரலாம்ல. ஏன், மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? சாப்புட்டியா?"

பாக்கியமேரி பதில் சொல்வதற்குள் முற்றத்திலிருந்து ஒரு சிஸ்டர், "லூர்துராணி!" என்று கூப்பிட்டார். மூன்று மூலையிலிருந்து மூன்று பெண் குழந்தைகள் ஓடிவந்தன. "பெரிய லூர்துராணிதான்" என்றார் சிஸ்டர். இரண்டு குழந்தைகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப்போயின.

வியாகுலம்மாள் சிரித்தாள். பாக்கியமேரியும் சிரித்தாள். அந்த இல்லத்தில் அதுதான் வழக்கம். பேர் தெரியாமல் வந்து சேரும் பிள்ளைக்கு, அன்றைய காலண்டரில் எந்த அர்ச்சிஷ்டவர், அதாவது புனிதர், திருநாளோ அந்தப் பேர். ஒரே நாளில் இரண்டு வந்தால் இரண்டுக்கும் ஒரே பேர். பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் ஜூன் ஒன்று. இனிஷியல் எல்லோருக்கும் 'சூ'. அப்பா இல்லாத பிள்ளைகளுக்கெல்லாம் இயேசுவை வளர்த்த சூசையப்பர்தானே அப்பா.

எழுபத்துமூன்றாம் வருஷம் இல்லத்தில் இரண்டு சூ. பாக்கியமேரி இருந்தார்கள். இரண்டு பேரும் ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டும். பேர் ஒன்று, இனிஷியல் ஒன்று, பிறந்த தேதி ஒன்று. பள்ளிக்கூடத்தில் யாரோ, ஒரே பிள்ளைக்குத் தவறிப்போய் இரண்டு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று நினைத்து ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். பள்ளி திறந்த அன்று ஒரு பாக்கியமேரியைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். இன்னொருத்தி புது ரிப்பனோடு வராந்தாவில் நின்றாள். "அதான் ஒங்க பாக்கியமேரி உள்ள போயிட்டாளே" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் இருக்கிறேன் என்பதை எப்படி நிரூபிப்பது என்று அந்தப் பத்து வயசுக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளைக் கொண்டுவிட வந்தவள் வியாகுலம்மாள். அதுவரை எந்த ஆபீஸுக்குள்ளும் நுழைந்திராதவள், அன்று விறுவிறுவென்று தலைமையாசிரியை அறைக்குள் போனாள். "அது வேற புள்ள, இது வேற புள்ள. இத வாசப்படிலேருந்து கையில தூக்குனவ நானு. இதுக்கு எம்பேர எழுதிக்கங்க" என்றாள். தலைமையாசிரியை புது விண்ணப்பம் ஒன்றை எடுத்தார். அவளிடம் மேற்கொண்டு எதுவும் கேட்காமல், 'சூ' இருக்க வேண்டிய இடத்தில் 'வி' என்று போட்டார். அன்றுமுதல் அவள் வி. பாக்கியமேரி. கேட்டவர்களெல்லாம் வின்சென்ட் என்றோ விக்டர் என்றோ நினைத்துக்கொண்டார்கள். அவளும் திருத்தப் போனதில்லை.

முற்றத்தில் பெரிய லூர்துராணி எதற்கோ திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். கூட உரிக்க பாக்கியமேரி எடுத்திருந்த வெங்காயம் அவள் கையில் அப்படியே நின்றது.

தேதி கேட்காத மிஷின் என்ன செய்யும்? யாரும் சொல்லாவிட்டால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்றாம் தேதி என்று தானாக வைத்துக்கொள்ளும். ஐந்து மிஷினுக்கும் அதே தேதி, ஸ்விட்ச் போட்ட கணம்தான் பூஜ்யம். ஐந்தும் ஒரே மாதிரி மிஷின், ஒரே மாதிரி ஃபிளாப்பி, ஒரே வேகம். டிரைவர் எழும்போது எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மணி. இரண்டுக்கு அச்சு அசலாக ஒத்துப்போனால் இரண்டுக்கும் ஒரே பேர்! எல்லோருக்கும் ஜூன் ஒன்று! ஒவ்வொரு மிஷினையும் வேறு வேறாக ஆக்கிக்கொண்டிருந்தது கடிகாரம் இல்லை. தட்டுத்தடுமாறி மணி அடித்த மனிதக் கை. பாவம் பார்த்து அவள் எடுத்து எறிந்தது அந்தக் கையைத்தான்.

"ஆயாம்மா!" என்று வெங்காயத்தோடு சேர்த்து அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

"ச்சீ, வெங்காயக் கைடி. என்ன வந்துச்சு இவளுக்கு?"

"வீடு வந்துரும் ஆயாம்மா! பெட்டி அப்படியே இருக்கட்டும்!"

சாப்பிடாமல் ஓடினாள். சோற்றைப் போட்ட தட்டோடு வியாகுலம்மாள் வாசல்வரை நொண்டிக்கொண்டு வந்து, அவளை ஆசீர்வதித்தாளா திட்டினாளா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் அவள் ஒரே குரலைத்தான் வைத்திருந்தாள்.

*

திங்கட்கிழமை காலை சௌரிராஜன் தொன்னையில் புளியோதரையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா? ஃபிளாப்பில ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நீயே எழுதிப்பிடேன்" என்றார்.

"ஒரு ஃபிளாப்பி கெட்டுப்போனா பக்கத்து மிஷினோடதக் காப்பி எடுத்துப் போட்டுடறாங்க சார். அப்ப ரெண்டு ஒண்ணாம் நம்பர் ஆயிடும்."

"அப்போ பழையபடி தேதியே கேக்கட்டுமே?"

"என்னை மாதிரி இன்னொரு நல்ல மனசுக்காரி வந்து எடுத்துடுவா சார்."

சௌரிராஜன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அன்று முழுக்க எழுதினாள். மிஷினுக்குள்ளே ஒரு எண்ணி இருக்கிறது. ஒரு நொடியைப் பத்து லட்சத்துக்கும் மேலான துண்டுகளாக வெட்டி எண்ணிக்கொண்டே இருப்பது. டிரைவர் எழும்போது, முன்னால் உட்கார்ந்திருப்பவரைத் தன் பெயரைத் தட்டச் சொல்லும். கேள்வி டிரைவருக்குள்ளேயே இருப்பதால் யாரும் பாவம் பார்த்து எடுத்துவிட முடியாது. என்ன பெயர் என்பது அதற்கு வேண்டாம். ஒவ்வொரு எழுத்திலும் விரல் விழுகிற கணத்தில் எண்ணி எங்கே நின்றது என்று பார்த்து, எல்லாவற்றையும் கலந்து, முன்னால் உள்ளூர்ப் பிட்டை வைத்து நம்பராக்கிக்கொள்ளும். ஒருவர் தட்டுவது போல இன்னொருவர் தட்ட முடியாது. அதே ஆள்கூட மறுநாள் அப்படியே தட்ட முடியாது. அதோடும் அவள் விடவில்லை. அந்தப் பேரை எடுத்துக்கொள்ளும் முன் ஒயரில் ஒரு குரல் கொடுக்க வேண்டும்: இந்தப் பேரில் யாராவது இருக்கிறீர்களா? இருக்கிறேன் என்று பதில் வந்தால் கிழிப்பதும் இல்லை, சண்டையும் இல்லை. மறுபடி தட்டச் சொல்லி வேறு பேர் வைத்துக்கொள்ளும். யாரும் வராந்தாவில் நிற்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை அவளே மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லி, ஐந்து மிஷினும் ஒரே அடியில் எழும்படி போடச் சொன்னாள். டாக்டர் வஹீதா, லேப் பெண், மருந்தகத்துக்காரர், பில் கவுண்டர்க்காரர், ஸ்தனிஸ்லாஸ் என்று ஐந்து பேரும் தங்கள் பேரைத் தட்டினார்கள். நாலு பேர் முடித்துக் காத்திருக்க, ஸ்தனிஸ்லாஸ் மட்டும் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"உங்கப்பாவுக்கு இதவிடச் சின்னப் பேரு கிடைக்கலையா?" என்றார் டாக்டர் உள்ளறையிலிருந்து.

ஐந்தும் ஐந்து பேரோடு எழுந்தன. ஸ்தனிஸ்லாஸின் ரத்தம் லேபுக்கு மட்டும் போயிற்று. அவருடைய மாத்திரை மருந்தகத்துக்கு மட்டும் போயிற்று. அணைத்தார்கள், போட்டார்கள். மறுபடி அணைத்தார்கள், மறுபடி போட்டார்கள். டாக்டர் வஹீதாவுக்கே சலித்துப்போய், "போதும், அல்ஹம்துலில்லாஹ், எனக்கு வெளில பேஷண்ட் உக்காந்திருக்காங்க" என்றார்.

சௌரிராஜன் இந்த முறை சத்தம் போடவில்லை. ஓரமாகப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டார். மறுநாள் அவள் மேஜையில் புத்தம் புது அடையாள அட்டை ஒன்றை வைத்தார். கம்பெனி பேர், அவள் போட்டோ, கீழே வி. பாக்கியமேரி. பர்மனென்ட் என்று எழுதுவதற்கு அதில் இடம் இல்லை என்பதால் வாயால் சொன்னார். அவள் எழுந்து நின்று, "சார், அன்னிக்கு 'அது போரும்'னு சொன்னீங்களே, அதுக்கு நான் ஒங்களுக்கு நன்றியே சொன்னதில்ல" என்றாள். "எப்போ சொன்னேன்?" என்றார் அவர். நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

*

ஆவணி பிறக்கும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தகரப் பெட்டியும் வியாகுலம்மாளும் ரிக்‌ஷாவில் பொன்மலைப்பட்டிக்கு வந்து இறங்கினார்கள். ஸ்தனிஸ்லாஸ் பின்கட்டைக் கழுவிவிட்டு, குடத்தில் தண்ணீர்கூடப் பிடித்து வைத்திருந்தார். சாவியைக் கொடுக்கும்போது பழைய கேள்வி ஞாபகம் வந்துவிட்டது.

"அன்னிக்குக் கேட்டதுக்குத் தெரிஞ்சவங்கன்னு சொன்ன. தெரிஞ்சவங்களுக்காகவா இம்புட்டு ஓட்டம் ஓடுவாங்க? இவங்க உனக்கு என்னம்மா வேணும்?"

பாக்கியமேரி கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தாள். "எம்பேருக்கு முன்னால ஒரு 'வி' இருக்குல்ல சார், அது இவங்கதான்."

ஸ்தனிஸ்லாஸ் அட்டையைப் பார்த்தார், வியாகுலம்மாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வாங்க, வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்று வழிவிட்டார்.

வியாகுலம்மாள் நகரவில்லை. "என்னடி சொன்ன? எம்பேரா?"

"ஆமா ஆயாம்மா. அன்னிக்கு ஸ்கூல்ல குடுத்தீங்களே."

"அது அன்னிக்கு உன்ன உள்ள சேக்கறதுக்குக் குடுத்தது. அதோட முடிஞ்சுதுன்னுல்ல நெனச்சேன். காலேஜெல்லாம் படிச்ச, ஆபீஸு போற. இன்னுமா அத வச்சிருக்க?"

"எப்பவும் அதான். எல்லா எடத்துலயும் அதான்."

வியாகுலம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க இருக்கு?" என்றாள். பாக்கியமேரி அவள் விரலைப் பிடித்து அந்த முதல் எழுத்தின் மேல் வைத்தாள். வெங்காயம் உரித்துக் கறுத்த அந்த விரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"எனக்குன்னு யாரும் இல்லன்னு சிஸ்டர்ட்ட சொல்லிட்டனே பாப்பா" என்று சொல்லி வியாகுலம்மாள் அழ ஆரம்பித்தாள்.

"உள்ள வாங்கம்மா" என்றாள் பாக்கியமேரி.